பாதுகாப்பு உடையைக் கழற்றும் அந்த ஐந்து நிமிடம்: தொற்றுக் கால வார்டில் செவிலியர்களுக்கான முழு வழிகாட்டி

வார்டுக்குள் இருக்கும்வரை நாம் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறோம். ஊசி போடும்போதும் சக்ஷன் (சளியைக் குழாயால் உறிஞ்சி எடுப்பது) செய்யும்போதும் கை தானாகவே எச்சரிக்கையாகிவிடும். ஆனால் பல மணி நேரம் கழித்து, நாக்கு வறண்டு, மூக்குத்தண்டு புண்ணாகி, உள்ளே போட்ட சட்டை முழுக்க வேர்வையில் ஊறி வெளியே வந்து, எப்போது இதைக் கழற்றித் தூரப் போடுவோம் என்று நிற்கிறோமே, அந்த ஐந்து நிமிடத்தில்தான் தப்பு நடக்கிறது.

2015-ல் வெளியான ஓர் ஆய்வைப் பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு குழுவுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். புற ஊதா விளக்கில் ஒளிரும் ஒரு லோஷனைக் கையுறையிலும் கவுனிலும் (சட்டைக்கு மேல் போடும் பாதுகாப்பு அங்கி) பூசி, மருத்துவமனை ஊழியர்களை எப்போதும் போலக் கழற்றச் சொன்னார்கள். 435 முறை செய்து பார்த்ததில் 46 சதவீத முறை லோஷன் அவர்கள் தோலிலோ உள்ளே உடுத்தியிருந்த துணியிலோ ஒட்டியிருந்தது. இவர்கள் புதியவர்கள் இல்லை, தினமும் இதே வேலையைச் செய்கிறவர்கள். எங்கே ஒட்டியிருக்கிறது என்று விளக்கடியில் கண்ணால் காட்டிப் பயிற்சி கொடுத்த பிறகு அந்த அளவு வெகுவாகக் குறைந்தது. அதாவது இது கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம், ஆனால் வாய்ச்சொல்லால் வராது, செய்து பார்த்தால்தான் வரும். அதனால் இந்த வழிகாட்டியைப் படித்ததோடு விட்டுவிடாமல், தோழி ஒருவரை எதிரே நிற்கவைத்து ஒருமுறையாவது ஒத்திகை பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2003-ல் சார்ஸ் என்ற நுரையீரல் நோய் பரவியபோது நோய் வந்தவர்களில் சுமார் 21 சதவீதம் பேர் மருத்துவப் பணியாளர்கள். கொரோனாவில் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகம் முழுவதும் 80,000-லிருந்து 1,80,000 வரையான சுகாதாரப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இவர்கள் நம்மைப் போலக் காலையில் டியூட்டிக்குக் கிளம்பியவர்கள்.

உள்ளே போகுமுன்: என்ன வேலைக்குப் போகிறோம்?

எல்லா வேலைக்கும் எல்லா உடையும் வேண்டியதில்லை. பயத்தில் இருக்கிறதையெல்லாம் அடுக்கடுக்காக மாட்டிக்கொண்டால், கழற்றும்போது அத்தனை அடுக்கையும் தொட வேண்டியிருக்கும், ஒவ்வொரு அடுக்கும் ஓர் ஆபத்து. அதனால் உடையை எடுக்குமுன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நோய் எப்படிப் பரவுகிறது? நான் செய்யப்போகும் வேலையில் ரத்தமோ சளியோ வாந்தியோ என் மேல் தெறிக்குமா? அந்த அறையில் காற்றில் நுண்துளிகள் அதிகமாகக் கிளம்புமா?

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். இன்டுபேஷன் (மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவது), அந்த டியூபை எடுப்பது, திறந்த முறையில் சக்ஷன், பிராங்கோஸ்கோபி (நுரையீரல் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது), டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்வது), சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர் மீட்பது), முகமூடி வழியாகக் கொடுக்கும் வென்டிலேஷன் (செயற்கை சுவாசம்) போன்ற வேலைகளுக்கு என்95 அல்லது அதற்கு மேலான சுவாசக்கவசம், கண் பாதுகாப்பு, முழுக்கை கவுன், கையுறை நான்கும் கட்டாயம். இதில் ஒன்று குறைந்தாலும் போகக்கூடாது. காற்று வழியாகப் பரவும் நோய் என்று தெரிந்தால், சும்மா மாத்திரை கொடுக்கப் போனாலும் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போதாது, என்95 வேண்டும். நோயாளிக்கு மூச்சுத் திணறல் இல்லையென்றால் அவர் முகத்திலும் ஒரு சர்ஜிக்கல் மாஸ்க் போட்டுவிடுங்கள். கிருமி கிளம்பும் இடத்திலேயே தடுப்பது நம் முகத்தில் தடுப்பதைவிட எளிது.

காற்றோட்டத்தைப் பற்றியும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், நர்ஸ் கேட்க வேண்டிய விஷயம் இல்லை என்று யாராவது சொன்னாலும் கேளுங்கள். மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில், கிருமி கிளம்புவது நின்ற பிறகு காற்றில் மிதப்பதில் 99 சதவீதம் வெளியேற சுமார் 23 நிமிடம் ஆகும். மணிக்கு 6 முறைதான் மாறுகிறது என்றால் 46 நிமிடம். இன்டுபேஷன் முடிந்ததும் மாஸ்க் இல்லாமல் உள்ளே எட்டிப் பார்க்கலாமா, சுத்தம் செய்பவரை எப்போது அனுப்பலாம் என்பதெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் முடிவாக வேண்டும்.

என்95: பெயரைவிடப் பொருத்தம் முக்கியம்

என்95 என்றால், வடிகட்டியைத் தாண்டிப் போக மிகவும் எளிதான அளவான 0.3 மைக்ரான் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தை அது தடுக்கும் என்று பொருள். ஐரோப்பிய எஃப்எஃப்பி2-க்கு இந்த அளவு குறைந்தது 94 சதவீதம். ஆனால் இந்தக் கணக்கு துணியைப் பற்றியது. உங்கள் கன்னத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும், ஏனென்றால் அங்கேதான் தடையே இல்லை. 95 என்ற எண்ணுக்கு அப்புறம் அர்த்தமே இல்லை.

இதற்கு இரண்டு சோதனை உண்டு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று, பொருத்தச் சோதனை. அந்தக் குறிப்பிட்ட கம்பெனி, அந்த மாடல், அந்த சைஸ் உங்கள் முகத்துக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பது. தலைக்கு மேல் ஒரு கூண்டு போல மாட்டி, உள்ளே இனிப்பான அல்லது கசப்பான திரவத்தைத் தெளிப்பார்கள். நாக்கில் ருசி தெரிந்தால் மாஸ்க் கசிகிறது. வருடத்துக்கு ஒருமுறையும், உடல் எடை ரொம்பக் கூடினாலோ குறைந்தாலோ, முகத்திலோ பல்லிலோ பெரிய சிகிச்சை நடந்திருந்தாலோ, வேறு மாடல் வந்தாலோ மறுபடியும் இதைச் செய்ய வேண்டும். தொற்று உச்சத்தில் இருக்கும்போது ஸ்டோரில் திடீரென்று வேறு மாடல் வந்து இறங்கும், எல்லாம் என்95 தானே என்று கையில் கொடுத்துவிடுவார்கள். அப்போது கேள்வி கேளுங்கள். சிறிய முகம் உள்ள பெண்களுக்குப் பெரிய அளவு மாஸ்க் பொருந்தாமல் போவது அடிக்கடி நடக்கிற ஒன்று, நம் தொழிலில் பெண்கள்தான் அதிகம் என்று தெரிந்தும் இதை யாரும் யோசித்து வாங்குவதில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆற்றாமைதான்.

இரண்டாவது, நீங்களே ஒவ்வொரு முறையும் போட்டவுடன் செய்ய வேண்டிய கசிவுச் சோதனை. இதைப் போடும் வரிசையில் சொல்கிறேன்.

தாடி வைத்த ஆண் செவிலியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாஸ்க்கின் ஓரம் தொடும் இடத்தில் முடி இருந்தால், ஒருநாள் தாடியாக இருந்தாலும், பொருத்தம் கெடும். நம்பிக்கை காரணமாகத் தாடி எடுக்க முடியாதவர்களுக்குத் தலையை முழுதும் மூடும், மோட்டார் வைத்துக் காற்றை வடிகட்டித் தரும் கருவி இருக்கிறது, அதை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள்.

மாஸ்க்குக்குப் பின்னால் ஒரு பழைய கதையும் இருக்கிறது. 1910-11-ல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன்-தே, இது எலியிடமிருந்து மட்டுமல்ல, மூச்சுக்காற்றிலும் பரவுகிறது என்று சொல்லி, பஞ்சும் காஸ் துணியும் வைத்துத் தைத்த மாஸ்க்கை எல்லோரையும் போடச் சொன்னார். அங்கே வந்த ஜெரால்டு மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்காமல் மாஸ்க் இல்லாமலேயே வார்டுக்குள் போனார். சில நாட்களில் பிளேக் வந்து இறந்துபோனார். அனுபவம் இருந்தால் மாஸ்க் வேண்டாம் என்று நினைக்கிற சீனியர்கள் யாராவது உங்கள் வார்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

ஷிப்டுக்கு முந்தைய அரை மணி நேரம்

சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், பாத்ரூம் போய்விட்டு வாருங்கள். உள்ளே போனால் சிறுநீர் கழிக்க முடியாதே என்று தண்ணீரே குடிக்காமல் போகிறவர்கள் நிறைய. அந்தச் சூட்டில் தலைசுற்றி விழுந்தால் உங்களைத் தூக்க வருகிறவருக்கும் சேர்த்து ஆபத்து. மோதிரம், வளையல், வாட்ச், கம்மல், செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், நீள நகம் கையுறையைக் கிழிக்கும். முடியை இறுக்கிக் கட்டி, முகத்தில் ஒரு இழைகூட விழாதபடி தொப்பிக்குள் தள்ளுங்கள், கண்ணில் முடி விழுந்தால் கை தானாக அங்கே போகும். மாதவிடாய் நாளென்றால் பேட் மாற்றிக்கொண்டு போங்கள், ஷிப்ட் நடுவே மாற்ற வெளியே வரவேண்டியிருக்கும் என்று பொறுப்பு சிஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

போனை உள்ளே கொண்டுபோகாதீர்கள். கட்டாயம் வேண்டுமென்றால் துடைக்கக்கூடிய உறைக்குள் போட்டு, உள்ளே போனது உள்ளேயே இருக்கட்டும் என்று வார்டுக்கென்று தனியாக ஒன்று வையுங்கள்.

போடும் வரிசை

சுத்தமான இடத்தில், கண்ணாடி முன்னால், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு போடுங்கள். எல்லாப் பொருளையும் முதலிலேயே எடுத்து வைத்து, சைஸ் சரியா, கிழிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் கை. ஆல்கஹால் சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கட்டைவிரலும் விரல் நுனியும்தான் எப்போதும் விடுபடும்.

அடுத்து கவுன். கழுத்திலிருந்து முட்டி வரை, கை மணிக்கட்டு வரை மூட வேண்டும், பின்பக்கம் ஒன்றின் மேல் ஒன்று வர வேண்டும். கயிற்றைக் கழுத்துக்கும் இடுப்புக்கும் பின்னால் அல்லது பக்கவாட்டில் கட்டுங்கள். முன்பக்கம் கட்டினால், கழற்றும்போது அசுத்தமான இடத்தில் விரலை வைத்து முடிச்சை அவிழ்க்க வேண்டியிருக்கும். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்கிற சுருக்காக இருக்கட்டும். முழு உடல் உடை என்றால் உட்கார்ந்து கால் வழியாக மாட்டி, ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றி, அதன் மேல் வரும் பட்டையை ஒட்டுங்கள்.

மூன்றாவது என்95. உள்ளங்கையில் வைத்து, மூக்குக் கம்பி விரல் நுனிப் பக்கம் வருமாறு பிடித்து, தாடைக்குக் கீழிருந்து முகத்தில் வையுங்கள். மேல் பட்டை தலையின் உச்சிக்குப் பின்னால், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பின்கழுத்தில். இரண்டும் குறுக்கே போகக்கூடாது. பிறகு இரண்டு கையின் விரல்களாலும் மூக்குக் கம்பியை நடுவிலிருந்து இரு பக்கமும் அழுத்தி மூக்கின் வடிவத்துக்குப் படியவையுங்கள். ஒரே கையால் கிள்ளினால் கம்பி கூர்மையாக மடிந்து, இரண்டு பக்கமும் கசியும். இந்தத் தப்பைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இப்போது கசிவுச் சோதனை. இரண்டு கையாலும் மாஸ்க்கை மூடிக்கொண்டு பலமாக ஊதுங்கள். மூக்கோரம், கன்னம், தாடை எங்கேயாவது காற்று வெளியே வந்தால் சரிசெய்யுங்கள். பிறகு ஆழமாக மூச்சை இழுங்கள், மாஸ்க் லேசாக உள்ளே ஒட்ட வேண்டும். இரண்டு மூன்று முறை முயன்றும் சரிவரவில்லை என்றால் வேறு மாஸ்க், வேறு மாடல். கசியும் மாஸ்க்கோடு உள்ளே போகாதீர்கள், பின்னால் யார் அவசரப்படுத்தினாலும் சரி. என்95-க்கு அடியில் சர்ஜிக்கல் மாஸ்க் போடுவதும் கூடாது, ஓரம் படியாது.

நான்காவது கண். காகிள்ஸ் அல்லது முகத்தைப் பக்கவாட்டிலும் மூடும் பேஸ் ஷீல்டு. பவர் கண்ணாடி பாதுகாப்பு ஆகாது. கண்ணாடியில் பனி படிந்தால் வெறும் எரிச்சல் என்று விட்டுவிடாதீர்கள், மாஸ்க்கின் மேலோரம் கசிகிறது என்பதற்கு அதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. மறுபடி கம்பியைச் சரிசெய்து சோதித்துப் பாருங்கள். கசிவு இல்லாமலேயே பனி படிந்தால் கண்ணாடிக்கான பனித்தடுப்புத் திரவம் பூசலாம்.

கடைசியில் கையுறை. கவுனின் கை நுனிக்கு மேல் கையுறை ஏறி மூட வேண்டும், நடுவே மணிக்கட்டு தெரியக்கூடாது. லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை இருந்தால் நைட்ரைல் கையுறை. இரண்டு ஜோடி போடச் சொல்லும் இடங்களில் உள் ஜோடியைக் கவுன் கைக்கு அடியிலும் வெளி ஜோடியை மேலேயும் போடுங்கள்.

கையை மேலே தூக்கி, குனிந்து, உட்கார்ந்து, திரும்பிப் பாருங்கள். எதுவும் இழுத்துக் கிழியாமல், தோல் தெரியாமல் இருந்தால் நெஞ்சில் பெரிய எழுத்தில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். சக ஊழியர் அடையாளம் கண்டுகொள்ள மட்டுமில்லை. வரிசையாக ஒரே மாதிரி உடையில் வருகிறவர்களைப் பார்த்துப் பயந்து கிடக்கிற நோயாளிக்கு, வந்திருப்பது யார் என்று தெரிவது பெரிய ஆறுதல்.

உள்ளே இருக்கும்போது

கையை இடுப்புக்கு மேல், தோளுக்குக் கீழ், உடம்புக்கு முன்னால் வையுங்கள். மாஸ்க்கைத் தொடாதீர்கள், காகிள்ஸைச் சரிசெய்யாதீர்கள். மாஸ்க் நழுவினாலோ நனைந்தாலோ, சகித்துக்கொண்டு வேலையை முடிப்பதைவிட, மேற்பார்வைக்கு ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு வெளியே வந்து முறையாகக் கழற்றி மாற்றுவதே சரி.

ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவரிடம் போகும்போது வெளிக் கையுறையை மாற்றி, கையையும் சுத்தம் செய்யுங்கள். ஒரே நோயாளியிடம்கூட மலம் சுத்தம் செய்த பிறகு ஐவி லைனை (ரத்தநாளத்தில் மருந்து ஏற்றும் குழாய்) தொடப்போகிறீர்கள் என்றால் மாற்றியே ஆக வேண்டும். கையுறை மேல் சானிடைசர் தடவி அடுத்தவரிடம் போகும் பழக்கம் தொற்றுக் காலத்தில் பரவலாக வந்தது. கையுறையின் பொருள் அதில் வலுவிழக்கலாம், அதோடு ஒருவரின் கிருமி இன்னொருவருக்குப் போகும் வழியும் திறக்கிறது. வார்டுக்கு வெளியே, லிப்டில், கம்ப்யூட்டர் முன்னால் கையுறையோடு சுற்றுவது பாதுகாப்பு இல்லை, நடமாடும் அழுக்கு.

நோயாளியின் இதயம் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? இதைத்தான் முன்கூட்டியே மனதில் தீர்மானித்து வைக்க வேண்டும். உடை இல்லாமல் உள்ளே ஓடக்கூடாது. படிக்கும்போது எளிது, மானிட்டரில் கோடு நேராகும்போது மிகவும் கடினம், கால் தானாக ஓடும். அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் உடை போட்டுத் தயாராக இருக்கும் ஒருவரை முதல் ஆளாகக் குறித்து வையுங்கள், அவசர உடைப் பெட்டி ஒன்றைக் கதவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இந்த உடையோடு நெஞ்சை அழுத்தும்போது சீக்கிரம் களைத்துவிடும், 2 நிமிடத்துக்கு முன்பே கைமாற ஆள் நிற்கட்டும்.

பேச்சு கேட்காது என்பதையும் மறக்காதீர்கள். மருந்தின் பெயரையும் அளவையும் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும், எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். சின்ன வெள்ளைப் பலகை ஒன்று இதற்கு ரொம்ப உதவும்.

கழற்றும் வரிசை: இங்கே அவசரமே கூடாது

தனியாகக் கழற்றாதீர்கள். 2014 எபோலாவின்போது அமெரிக்காவில் ஒரே நோயாளியைக் கவனித்த இரண்டு செவிலியர்களுக்கு நோய் தொற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் விதியைத் திருத்தி, தோல் எதுவும் வெளியே தெரியக்கூடாது, திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்க வேண்டும், போடும்போதும் கழற்றும்போதும் பயிற்சி பெற்ற ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்று சேர்த்தது. கூட நிற்பவர் ஒவ்வொரு படியையும் உரக்கப் படிக்கட்டும், நீங்கள் அவர் சொன்ன பிறகு மட்டும் செய்யுங்கள். மனப்பாடமாகத் தெரிந்திருந்தாலும் அப்படியே செய்யுங்கள். களைப்பில் மூளை ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிடும்.

முன்பக்கமும் கையும் அசுத்தம், உள்பக்கமும் பின்பக்கமும் கயிறும் சுத்தம். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டால் எந்தக் கம்பெனி உடை வந்தாலும் எங்கே தொடலாம் என்று உங்களுக்கே தெரியும். வரிசை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், உங்கள் மருத்துவமனை எதைப் பின்பற்றுகிறதோ அதையே எல்லோரும் பின்பற்றுங்கள். பரவலாக உள்ள முறை இது.

கையுறை: ஒரு கையால் மறு கையின் கையுறையை மணிக்கட்டருகே வெளியே கிள்ளிப் பிடித்து உள்வெளியாக உரியுங்கள். உரித்ததை உறை போட்ட கைக்குள் சுருட்டி வைத்து, வெறும் விரலை மற்ற கையுறையின் உள்ளே மணிக்கட்டுப் பக்கம் நுழைத்து, அதையும் உள்வெளியாக உரித்துத் தொட்டியில் போடுங்கள். சுண்டி இழுக்காதீர்கள், தெறிக்கும். அந்த 2015 ஆய்வில் கவுனைவிடக் கையுறை கழற்றும்போதுதான் அதிகம் ஒட்டியது. கையைச் சுத்தம் செய்யுங்கள்.

கவுன்: கழுத்துக் கயிறு, பிறகு இடுப்புக் கயிறு. தோளின் உள்பக்கத்தைப் பிடித்து முன்னோக்கி உடம்பை விட்டுத் தள்ளி இழுத்து, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி உருண்டையாகச் சுருட்டுங்கள். முழு உடல் உடை என்றால் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து ஜிப்பை இறக்கி, தலைப்பகுதியை உள்ளேயிருந்து பின்னால் தள்ளி, தோளிலிருந்து கீழே உருட்டிக்கொண்டே போங்கள். கையை உடைக்குப் பின்னால் கொண்டுபோய் உருவுங்கள். கால் வரை வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து மிதித்து வெளியே வாருங்கள், நின்றுகொண்டு ஒற்றைக் காலில் தள்ளாடினால் சுவரைப் பிடிக்கத் தோன்றும். உதறவே கூடாது. மறுபடியும் கை.

கண்: காகிள்ஸின் பின்பட்டையை மட்டும் பிடித்து, சற்று முன்னால் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு தூக்குங்கள். கண்ணாடிப் பகுதியைத் தொடாதீர்கள். திரும்பப் பயன்படுத்துவது என்றால் தனித் தொட்டியில் போடுங்கள். மறுபடியும் கை.

என்95-ஐ நோயாளியின் அறைக்குள் கழற்றாதீர்கள். வெளியே வந்து, கதவு மூடிய பிறகுதான். முதலில் கீழ்ப் பட்டையை முன்னால் கொண்டுவந்து தலைக்கு மேல் தூக்குங்கள், அப்புறம் மேல் பட்டை. முன்பக்கத்தைத் தொடாமல் பட்டையைப் பிடித்தபடியே முகத்திலிருந்து விலக்கித் தொட்டியில் போடுங்கள். கடைசியாகக் கை, இந்த முறை முழங்கைக்குக் கீழ் வரை சோப்புப் போட்டு.

இந்த இடத்தில்தான் எனக்கே ஒருமுறை தப்பு நடந்தது. மாஸ்க்கைக் கழற்றியதும் இத்தனை நேரம் அரித்துக்கொண்டிருந்த மூக்கை, கை கழுவுமுன் தேய்த்துவிட்டேன். எதிரே நின்ற தோழி "அக்கா, கை!" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அவள் அன்று நிற்காமல் போயிருந்தால் நான் தேய்த்ததே எனக்குத் தெரிந்திருக்காது.

தட்டுப்பாடு வந்தால்

2020 மார்ச் 3 அன்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்குப்படி, கொரோனாவைச் சமாளிக்க மாதம் 8 கோடியே 90 லட்சம் மருத்துவ மாஸ்க்கும் 7 கோடியே 60 லட்சம் கையுறையும் 16 லட்சம் காகிள்ஸும் தேவைப்பட்டன. அந்த ஆண்டு பல நாடுகளில் செவிலியர்கள் குப்பைப் பையைக் கவுனாகக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். மறுபடியும் அந்த நிலை வந்தால் எது பரவாயில்லை, எது கூடவே கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே என்95-ஐக் கழற்றாமல் பல நோயாளிகளிடம் தொடர்ந்து போட்டுக்கொள்வது, கழற்றிக் கழற்றி மாட்டுவதைவிட நல்லது, ஏனென்றால் கை படுவது குறைவு. கழற்றி மாட்டியே ஆகவேண்டிய நெருக்கடியில், ஒருவருக்கு 5 மாஸ்க் கொடுத்து, நாளுக்கு ஒன்றாகப் போட்டு, கழற்றியதைப் பெயரும் தேதியும் எழுதிய காகிதப் பையில் வைத்து, 5 நாள் கழித்து மறுபடி எடுக்கும் முறை பயன்பட்டது. பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் போகாது. ஒரு மாஸ்க்கை மொத்தமாக 5 முறைக்கு மேல் மாட்ட வேண்டாம். ரத்தமோ சளியோ பட்டால், நனைந்தால், வடிவம் கெட்டால், பட்டை தளர்ந்தால், மூச்சுவிடச் சிரமமானால், இன்டுபேஷன் போன்ற வேலைக்குப் பிறகு என்றால் கணக்குப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

கூடவே கூடாதவை: சோப்புப் போட்டுத் துவைப்பது, ஆல்கஹால் தெளிப்பது, மைக்ரோவேவில் வைப்பது. என்95-ன் நடு அடுக்கில் உள்ள மெல்லிய பாலிபுரோப்பிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) இழைகளுக்கு மின்னூட்டம் கொடுத்திருப்பார்கள், நுண்துகளை இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். ஆல்கஹால் பட்டால் அந்த மின்னூட்டம் போய்விடும், பார்க்க மாஸ்க் புதிது போலவே இருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியில் சுத்தம் செய்யும் இயந்திரம் மருத்துவமனையிலேயே இருந்தால் அது வேறு விஷயம், வீட்டில் முயலாதீர்கள்.

போலி மாஸ்க்கும் தட்டுப்பாட்டோடு சேர்ந்தே வரும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் அங்கீகாரம் பெற்றது என்று சொன்னால் மாஸ்க்கின் மேலேயே அங்கீகார எண் அச்சாகியிருக்க வேண்டும், பட்டை தலையைச் சுற்றி வர வேண்டும். எழுத்துப்பிழையோடு, எண்ணே இல்லாமல், காதில் மாட்டும் வளையத்தோடு வந்தால் பொறுப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தோலும் உடம்பும்

மூக்குத்தண்டிலும் கன்னத்திலும் வருவது அழுத்தப் புண், படுக்கையிலேயே கிடக்கும் நோயாளிக்கு வருவதும் இதே வகைதான். முடிந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதுகாப்பான இடத்துக்கு வந்து அழுத்தத்தைத் தளர்த்துங்கள். மெல்லிய ஹைட்ரோகொலாய்டு ஒட்டு (தோலைக் காக்கும் மெத்தென்ற பிளாஸ்டர்) போடலாம், ஆனால் ஒட்டோடு சேர்த்துக் கசிவுச் சோதனை செய்து பார்க்க வேண்டும், தடித்த பஞ்சு வைத்தால் கசியும். வெளியே வந்த பிறகு கைக்குக் கிரீம் தடவுங்கள். லேடெக்ஸ் கையுறை போடுமுன் பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும். தலைசுற்றல், குமட்டல், வேர்வை திடீரென்று நிற்பது, வார்த்தை குழறுவது எதுவானாலும் உடனே சொல்லி வெளியே வாருங்கள், ஆனால் அப்போதும் ஒருவர் துணையோடு வரிசைப்படிதான் கழற்ற வேண்டும்.

ஓய்வறையைப் பற்றி ஒரே ஒரு விஷயம். நோயாளியிடம் நான்கு அடுக்கு போட்டுக்கொண்டு நின்றவர்கள், சின்ன அறையில் மாஸ்க்கை எடுத்துவிட்டு ஐந்தாறு பேராக நெருங்கி உட்கார்ந்து சாப்பிடும்போது ஒருவருக்கொருவர் தொற்றவைத்துக்கொள்கிறார்கள். ஜன்னலைத் திறந்து, இரண்டிரண்டு பேராக, நேரம் மாற்றிச் சாப்பிடுங்கள்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு

ஒரு ஷிப்டுக்கு எத்தனை செட் என்று கணக்குப் போடும்போது உள்ளே போகிறவர்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் போடாதீர்கள். பாத்ரூம் போக, பேட் மாற்ற, கிழிந்ததை மாற்ற, திடீர் சிபிஆருக்கு ஓடிவருகிறவர்களுக்கு என்று சேர்த்து வையுங்கள். செட் வீணாகுமே என்று ஒரு நர்ஸ் சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்கிறாள் என்றால் கணக்கு தப்பு. சுத்தம் செய்பவர்கள், படுக்கை தள்ளுபவர்கள், உடலை எடுத்துச் செல்பவர்கள் எல்லோருக்கும் இதே உடையும் இதே பயிற்சியும் வேண்டும். கழற்றும் இடம் போடும் இடத்திலிருந்து தனியாக, தரையில் கோடு போட்டு, கண்ணாடியும் ஸ்டூலும் சானிடைசரும் நிரம்பி வழியாத தொட்டியும் வைத்து இருக்க வேண்டும்.

பொருந்தாத, கிழிந்த, இல்லாத உடையோடு உள்ளே போக மறுக்கும் செவிலியரைக் கோழை என்று சொல்லாதீர்கள். உயிருக்கு உடனடியான பெரிய ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகுபவரைத் தண்டனையிலிருந்து காக்க வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு 155-ஆவது உடன்படிக்கை சொல்கிறது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், உங்கள் சங்கத்திடம் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். புகாரை வாய்மொழியாக விடாமல் தேதி, நேரம், என்ன இல்லை என்பதைப் போட்டு எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

தப்பு நடந்துவிட்டால்

கையுறை கிழிந்தது, மாஸ்க் நழுவியது, கண்ணில் தெறித்தது, ஊசி குத்தியது, எதுவானாலும் வேலையைப் பாதுகாப்பாக ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வாருங்கள். பதற்றத்தில் வரிசையை உடைத்துக் கழற்றினால் ஒரு தப்பு இரண்டாகும், அதனால் மெதுவாக, துணையோடு கழற்றுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரிலோ சலைனிலோ நன்றாகக் கழுவுங்கள். தோலிலோ ஊசி குத்திய இடத்திலோ சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், பிளீச்சிங் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிறகு அதே ஷிப்டில் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், எத்தனை நாள் கவனிக்க வேண்டும், எப்போது பரிசோதனை, அதுவரை வேலைக்கு வரலாமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பதிவேட்டை வாங்கும் பொறுப்பு சிஸ்டரின் முதல் கேள்வி "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று இருந்தால் அடுத்த முறை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். "எந்தப் படியில் நடந்தது?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை அன்று மாலை ஹேண்டோவரிலேயே, பெயர் சொல்லாமல், அடுத்த ஷிப்டுக்குச் சொல்லிவிடுங்கள்.